புதைபடிவக் கடல் நத்தை எது? ஓட்டின் வழியே சிற்றினத்தை இனங்காண ஒரு முழுமையான வழிகாட்டி

பழைய நத்தை ஓடு ஒன்று கைக்கு வந்தவுடன் பெரும்பாலோர் செய்யும் முதல் வேலை, அதைப் படம் பிடித்துக் கைப்பேசிச் செயலியிடம் பெயர் கேட்பதுதான். செயலியும் தயங்காமல் ஒரு பெயரைச் சொல்லிவிடும். ஆனால் அத்தகைய செயலிகள் பெரும்பாலும் இன்று வாழும் நத்தைகளின், நிறமும் பளபளப்பும் குன்றாத படங்களைக் கொண்டு பழக்கப்படுத்தப்பட்டவை. நிறம் போய், உதடு (வாயின் விளிம்பு) உடைந்து, நுனி தேய்ந்த புதைபடிவத்தைக் காட்டினால், மேலோட்டமாக ஒத்திருக்கும் ஏதோவொரு இன்றைய ஓட்டின் பெயர்தான் கிடைக்கும். இந்த வழிகாட்டி அதற்கு நேர்மாறான வரிசையில் செல்கிறது. ஓடு எங்கிருந்து வந்தது, அதில் என்ன மிஞ்சியிருக்கிறது, வாய் எப்படி அமைந்திருக்கிறது, குடும்பம் எது, பேரினம் எது என்று படிப்படியாக இறங்கி, சான்று எந்த இடத்தில் தீர்ந்துபோகிறதோ அந்த இடத்தில் நின்றுகொள்வதே இதன் முறை. சிற்றினப் பெயர் வரை கொண்டுசெல்லக்கூடிய ஓடுகளும் உண்டு. பேரினத்தோடோ குடும்பத்தோடோ நிறுத்திக்கொள்ள வேண்டியவை அவற்றைவிட அதிகம்.

பத்து மடங்கு பெரிதாக்கும் கைவில்லை, டிஜிட்டல் காலிபர், மென்மையான பல் தூரிகை, மெல்லிய ஊசி, பக்கவாட்டில் சாய்த்து வெளிச்சம் பாய்ச்சக்கூடிய ஒரு மேசை விளக்கு ஆகியவை போதும். வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டின் சாப்பாட்டு மேசையிலேயே வேலையைத் தொடங்கிவிடலாம். நுனியின் மிகச் சிறிய சுற்றுகளைப் பார்க்க ஒரு எளிய நுண்ணோக்கி பின்னர் தேவைப்படும்.

முதற்படி: ஓடு எங்கிருந்து வந்தது

சிங்கப்பூரில் இந்தப் படி வேறு பல ஊர்களைவிடக் கடினமானது. 1960களில் ஏறத்தாழ 580 சதுர கிலோமீட்டராக இருந்த தீவின் பரப்பு, இன்று 730 சதுர கிலோமீட்டரைத் தாண்டியிருக்கிறது. அந்த வேறுபாடு முழுவதும் வேறிடத்திலிருந்து கொண்டுவரப்பட்ட மண்ணும் மணலும்தான். 1966இல் தொடங்கிய கிழக்குக் கடற்கரைத் திட்டத்துக்கு முதலில் பிடோக், சிக்லாப் பகுதி மேடுகளை வெட்டியெடுத்த மண் பயன்பட்டது. பிற்காலத் திட்டங்கள் பலவற்றுக்குக் கடலடியிலிருந்து தோண்டிய மணல் பயன்பட்டது. கடல் மணலோடு அதில் புதைந்திருந்த பழைய ஓடுகளும் சேர்ந்தே வந்திருக்கும். ஆகவே மீட்கப்பட்ட நிலத்தின் கரையில் கிடக்கும், சாம்பல் பூத்த ஓடு ஒன்று அங்கேயே வாழ்ந்த நத்தையினுடையது என்று எடுத்துக்கொள்ள இயலாது. அதன் சீட்டில் "மீட்கப்பட்ட நிலம், மூல இடம் தெரியாது" என்று எழுதிவிடுவதே நேர்மையான பதிவு.

இடம்பெயராத பழைய ஓடுகள் சிங்கப்பூரில் முக்கியமாகக் காலாங் படிவத் தொகுதியின் கடற்களிமண்ணில் இருக்கின்றன. ஆற்றுப் பள்ளத்தாக்குகளிலும் கரையோரத்திலும் பரவியிருக்கும், பொறியாளர்களுக்குத் தீராத தலைவலியாக இருக்கும் அந்த மென்மையான நீலச்சாம்பல் களிமண் மேல், கீழ் என இரு அடுக்குகளாக உள்ளது. இடையே பல இடங்களில் இறுகி நிறம் மாறிய ஒரு படலம் காணப்படும். பனியூழியின் உச்சத்தில், ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், கடல்மட்டம் இன்றையதைவிடச் சுமார் 120 மீட்டர் தாழ்ந்து, இப்பகுதியின் ஆழமற்ற கடலடியான சுந்தா மேடை முழுவதும் தரையாகக் கிடந்தபோது கீழடுக்கின் மேற்பரப்பு காய்ந்து இறுகியதன் அடையாளம் அது. மேலடுக்கு, கடல் மீண்டும் ஏறிய பிறகு, கடந்த சுமார் பத்தாயிரம் ஆண்டுகளில் படிந்தது. இந்த விவரத்தின் பயன் நடைமுறை சார்ந்தது: மேலடுக்கின் ஓடு ஏறக்குறைய உறுதியாக இன்றும் வாழும் ஒரு சிற்றினத்தைச் சேர்ந்தது; எனவே ஒப்பிடவேண்டியது இப்பகுதியின் இன்றைய நத்தைகளோடுதான், அழிந்துபோன இனங்களின் படங்களோடு அல்ல.

தீவின் மேற்கிலும் தெற்கிலும் உள்ள ஜூரோங் பாறைத் தொகுதி முற்றிலும் வேறு உலகம். அது டிரையாசிக் காலத்தின் பிற்பகுதியிலிருந்து ஜூராசிக் காலத்தின் தொடக்கம் வரையிலானது. புவியியலாளர் ஜே. பி. ஸ்கிரிவனர் சிங்கப்பூரின் மவுண்ட் கத்ரியில் கண்டெடுத்து, புதைபடிவ ஆய்வாளர் ஆர். புல்லன் நியூட்டன் 1906இல் விவரித்த புதைபடிவங்கள் இந்தப் பாறையைச் சேர்ந்தவை. அவை பெரும்பாலும் இரட்டை ஓட்டுச் சிப்பிகள். அந்தப் பாறையிலிருந்து ஒரு நத்தை கிடைத்தால் அதற்கு இன்றைய சிற்றினப் பெயர் எதுவும் பொருந்தாது.

இங்குள்ள தமிழர் பலரின் கையில் இருக்கும் நத்தைப் படிவங்கள் சிங்கப்பூரில் கிடைத்தவை அல்ல. அரியலூர், திருச்சிராப்பள்ளிப் பக்கமிருந்து தாத்தாவோ சித்தப்பாவோ எப்போதோ கொடுத்தவை. அங்குள்ள கடற்படிவுகள் கிரிட்டேசியஸ் காலத்தவை, அதாவது 6.6 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டவை. கருடமங்கலம் பகுதியில் கிடைக்கும், "திருச்சிராப்பள்ளிப் பளிங்கு" என்று பெயர்பெற்ற சுண்ணாம்புக்கல்லை வழுவழுப்பாகத் தேய்த்தால் நத்தைகளும் சிப்பிகளும் நெருக்கியடித்துக் கிடப்பது தெரியும். அப்பகுதியின் நத்தைகளைப் புதைபடிவ ஆய்வாளர் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிக்ஸ்கா 1867-68இல் விரிவாக விவரித்தார். சாவகத் தீவிலிருந்து வரும் படிவங்கள் அவற்றைவிட மிக இளையவை. அங்குள்ள கடல் நத்தைகளை 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து நெதர்லாந்தின் லெய்டன் நகரைச் சேர்ந்த கார்ல் மார்ட்டின் பல பத்தாண்டுகள் ஆராய்ந்தார். ஓடு எந்த இடத்தது என்று தெரிந்தால், யாருடைய விவரணையைத் தேட வேண்டும் என்பதும் அதோடு தெரிந்துவிடுகிறது.

சேகரிப்பது பற்றி ஒரு சொல். இயற்கை வனப்பகுதிகளிலும் தேசியப் பூங்காக்களிலும் சிஸ்டர்ஸ் தீவுகள் கடற்பூங்காவிலும் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதியின்றி எதையும் எடுக்கக்கூடாது. கட்டுமானத் தளங்களுக்குள் நுழைவது சட்டப்படியும் உயிருக்கும் ஆபத்தானது. தோண்டிய மண் உங்கள் கைக்கு முறையாக வந்தால் மட்டும் ஆழத்தையும் அடுக்கையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: மிஞ்சியிருப்பது ஓடா, அச்சா

நத்தை ஓடுகளின் பெரும்பகுதி அரகோனைட் என்ற சுண்ணக் கனிமத்தால் ஆனது. நீர் ஊடுருவாத களிமண்ணில் அது ஆயிரக்கணக்கான ஆண்டுகள், சில வேளைகளில் கோடிக்கணக்கான ஆண்டுகள் கூட, மாறாமல் கிடக்கும். டிராகிடே குடும்ப நத்தையின் உட்புற முத்துப்பளபளப்பு அப்படியே எஞ்சியிருப்பதும் உண்டு. நீர் ஓடும் பாறையிலோ அரகோனைட் கரைந்துபோகும் அல்லது கால்சைட்டாக மாறிவிடும். ஓடு முழுவதும் கரைந்து, உள்ளே நிரம்பிய சேறு மட்டும் கல்லாக நின்றால் அது உள் அச்சு. உள் அச்சில் தெரிவது ஓட்டின் உட்புறம்தான். வெளிப்புற வரிகளும் முடிச்சுகளும் அதில் இருக்காது. ஆகவே வழுவழுப்பான உள் அச்சு ஒன்றைப் பார்த்து "வரியற்ற சிற்றினம்" என்று முடிவு செய்வது அடிப்படையிலேயே பிழையாகும். நெரிட்டிடே குடும்பமும் கூம்பு நத்தைகளான கோனிடே குடும்பமும் வளரும்போதே தம் உட்சுவர்களைக் கரைத்துக்கொள்வதால், அவற்றின் உள் அச்சு வெளி ஓட்டின் வடிவத்தைப் போலவே இருக்காது என்பதையும் நினைவில் வையுங்கள். சுற்றியிருந்த பாறையில் பதிந்த வெளி அச்சும் கிடைத்தால் அதை எறிந்துவிடாதீர்கள்; மென்மையான களியையோ பல் மருத்துவர்கள் பயன்படுத்தும் சிலிகோன் ரப்பரையோ அதில் அழுத்தி எடுத்தால் வெளிப்புற அலங்காரம் திரும்பக் கிடைக்கும்.

தூய்மை செய்ய வெறும் தண்ணீரும் தூரிகையும் போதும். வினிகர், எலுமிச்சைச் சாறு, கழிப்பறை அமிலம் எதுவும் வேண்டாம். கறை போகும், கூடவே மெல்லிய வரிகளும் போகும். கடற்களிமண் ஓடுகளைப் பல நாள் நன்னீரில் ஊறவைத்து, நீரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். உள்ளே தங்கிய உப்பு படிகமாகி ஓட்டின் மேற்பரப்பை உரித்துவிடும்.

இந்த ஊரின் ஈரப்பதத்தில் பாதுகாப்பது தூய்மை செய்வதைவிட முக்கியம். ஒட்டுப்பலகை அலமாரியிலும் மலிவான அட்டைப் பெட்டியிலும் இருந்து கசியும் அமில ஆவி, ஈரக் காற்றில் ஓட்டின் சுண்ணாம்போடு வினைபுரிந்து வெண்மையான உப்புப் பூச்சாகப் படியும். அதற்கு "பைன் நோய்" என்று பெயர், உண்மையில் அது நோயன்று, வேதிவினை. களிமண்ணில் இருந்து வந்த ஓட்டினுள் பைரைட் என்ற இரும்புக் கந்தகக் கனிமம் இருந்தால் அதுவும் ஈரத்தில் சிதைந்து ஓட்டை வெடிக்கச் செய்யும். இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் பெட்டியும் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பைகளும் இரண்டுக்கும் நல்ல தடுப்பு.

மூன்றாம் படி: பிடிக்கும் முறையும் அளவுகளும்

விலங்கியலில் நத்தை ஓட்டைப் பார்க்கும் முறை ஒன்றே: நுனி மேலே, வாய் உங்களை நோக்கி. இந்த நிலையில் வாய் வலப்பக்கம் திறந்தால் வலஞ்சுழி, இடப்பக்கம் திறந்தால் இடஞ்சுழி. நம் வீடுகளில் பூசைக்கு வைக்கும் சங்கை நுனி கீழே இருக்கும்படி ஏந்திப் பார்ப்பதே வழக்கம். அதனால்தான் நாம் வலம்புரி என்று போற்றும் அரிய சங்கு, விலங்கியல் விவரணையில் இடஞ்சுழி என்று பதிவாகிறது. குறிப்பேட்டில் எந்த முறையைப் பின்பற்றினீர்கள் என்று எழுதாவிட்டால் படிப்பவர் தலைகீழாகப் புரிந்துகொள்வார். பெரும்பாலான கடல் நத்தைகள் வலஞ்சுழி. இடஞ்சுழி ஒன்று கிடைத்தால் முதலில் படம் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறி அச்சாகிவிட்டதா என்று சரிபாருங்கள்.

நான்கு நிலைகளில் படம் எடுங்கள்: வாய்ப்பக்கம், முதுகுப்பக்கம், நுனிக்கு நேர் மேலிருந்து, அடிப்பக்கம். ஒவ்வொன்றிலும் மில்லிமீட்டர் அளவுகோல் இருக்க வேண்டும். வெளிச்சம் மேல் இடது மூலையிலிருந்து சாய்வாக விழ வேண்டும். அளவுகளில் மொத்த உயரம், பெரும அகலம், வாயின் உயரம், நுனிக்கோணம், சுற்றுகளின் எண்ணிக்கை ஆகிய ஐந்தும் தவறாமல் வேண்டும். தனித்தனி எண்களைவிட அவற்றின் விகிதங்கள் அதிகம் பேசும்; ஒரே சிற்றினத்தின் சிறியதும் பெரியதும் உயரத்தில் வேறுபட்டாலும் உயரத்துக்கும் அகலத்துக்குமான விகிதத்தில் நெருங்கியிருக்கும். நுனி உடைந்திருந்தால் "மிஞ்சிய உயரம்" என்று எழுதுங்கள், ஊகித்த முழு உயரத்தை அளவாக எழுதாதீர்கள்.

நான்காம் படி: வாயைப் படித்துக் குடும்பத்தைப் பிடித்தல்

ஓட்டின் எல்லாப் பகுதிகளிலும் வாய்தான் மிக அதிகம் சொல்கிறது, துரதிர்ஷ்டவசமாக அதுதான் முதலில் உடைகிறது. முதற்கேள்வி: வாயின் கீழ் விளிம்பு முழுமையாக வளைந்து மூடியிருக்கிறதா, அல்லது அங்கே ஒரு வெட்டோ நீண்ட கால்வாயோ இருக்கிறதா? அந்தக் கால்வாய் வழியாகவே நத்தை தன் நீர்க்குழலை வெளியே நீட்டுகிறது. ஊன் தின்னும் நத்தைகளில் பெரும்பாலானவை அந்தக் கால்வாய் உள்ளவை. இது முழு விதியன்று, நல்ல தொடக்கம்.

கால்வாய் இல்லாத முழு வாய் என்றால், உட்புறம் முத்துப்போல் மின்னுகிறதா என்று பாருங்கள். மின்னினால் டிராகிடே, டர்பினிடே போன்ற குடும்பங்கள். சாங்கி கடற்கரை மணலில் ஒரு காலத்தில் அள்ள அள்ளக் கிடைத்த, பொத்தான் அளவே உள்ள அம்போனியம் வெஸ்டியாரியம் டிராகிடேயைச் சேர்ந்தது. உருண்டையான வழுவழுப்பான ஓடு, ஓட்டின் அடியில் உள்ள தொப்புள்குழியின் மேல் பக்கவாட்டில் சுண்ணாம்புத் திட்டு ஒன்று இருந்தால் நிலா நத்தைகளான நாட்டிசிடே. உள் உதடு மேடை போல அகன்று பல் வரிசை கொண்டிருந்தால் நெரிட்டிடே. தட்டையான கூம்பு, அடியில் அகன்ற குழி, அதன் விளிம்பில் மணி கோத்ததுபோல் முண்டுகள் என்றால் ஆர்க்கிடெக்டோனிசிடே.

கால்வாய் அல்லது வெட்டு உள்ளவற்றில், சுற்றுக்கு இத்தனை என்று ஒழுங்காகத் தடித்த வரம்புகளும் முட்களும் எழுந்திருந்தால் மியூரிசிடே. சுற்றுகள் சூழ்ந்து செல்லும் நடுத்தூணில் சாய்ந்த மடிப்புகளும் மழுங்கிய பெரிய நுனியும் இருந்தால் வொலுடிடே. மிக ஒடுங்கிய, ஏறக்குறைய இணையான விளிம்புகள் கொண்ட வாயும் தலைகீழ்க் கூம்பு வடிவமும் இருந்தால் கோனிடே. வெளி உதட்டின் அடியில், கால்வாயைத் தவிர, இன்னொரு சிறு வளைவு இருந்தால் ஸ்ட்ரோம்பிடே. நத்தை தன் கண்ணை வெளியே நீட்டும் இடம் அது. உடலெல்லாம் பளபளப்பும் நீண்ட பிளவு போன்ற வாயின் இருபுறமும் பற்களும் இருந்தால் சோழிகள்.

ஓட்டில் உள்ள எல்லா அடையாளமும் ஓட்டினுடையது அல்ல. விளிம்பு உட்புறம் சரிந்த வட்டத் துளை, இன்னொரு நிலா நத்தை துளைத்துத் தின்றதன் தடம். சுவர் நேராக இறங்கும் துளை பெரும்பாலும் மியூரிசிடே நத்தையின் வேலை. முனிவன் நண்டு குடியிருந்து இழுத்துத் திரிந்த ஓட்டில் வாய்ப்பக்கம் ஒரு தட்டையான தேய்மானம் இருக்கும், வாயினுள்ளே புழுக்குழாய்களும் ஒட்டியிருக்கும். நண்டு தூக்கிச் சென்ற ஓடு, நத்தை வாழாத சேற்றிலும் போய்ச் சேரும். சூழலைப் பற்றி அந்த ஓட்டிலிருந்து எதையும் சொல்லக்கூடாது.

ஐந்தாம் படி: நெட்டை ஓடு ஒன்றை அருகில் வைத்து

ஊசிபோல் நீண்டு, பல சுற்றுகளோடு இருக்கும் ஓடுதான் தொடக்கநிலை ஆர்வலர்களை அதிகம் குழப்புகிறது. எனவே அதைச் சற்று விரிவாகப் பார்ப்போம். இத்தகைய ஓடு டர்ரிடெல்லா, டெரெப்ரா, செரித்தியம் வகையறா, நெரினியா என்று பல இடங்களுக்கு இழுக்கும். டர்ரிடெல்லா பேரினத்தின் மாதிரிச் சிற்றினத்தின் (பேரினப் பெயர் எதனோடு கட்டப்பட்டதோ அந்தச் சிற்றினத்தின்) பெயரே டர்ரிடெல்லா டெரெப்ரா என்பதால் பெயர்ப்பட்டியலில் குழப்பம் கூடுகிறது.

முதலில் வாயின் அடி. டர்ரிடெல்லாவின் வாயில் வெட்டு கிடையாது, உதடு மெல்லியது. டெரெப்ராவின் வாயடியில் ஆழமான வெட்டு உண்டு. உதடு உடைந்திருந்தால் வெட்டு இருந்ததா என்பதை எப்படி அறிவது? வளர்ச்சிக்கோடுகள் வழியாக. நத்தை வளர்ந்த ஒவ்வொரு கட்டத்திலும் உதட்டின் வடிவம் ஓட்டின் மேல் ஒரு மெல்லிய கோடாகப் பதிகிறது. மேசை விளக்கைத் தாழ்த்தி, வெளிச்சம் ஓட்டை உரசிச் செல்லும்படி வைத்து, ஓட்டை மெல்லத் திருப்பினால் சுற்றும் சுற்றும் சேரும் இணைகோட்டிலிருந்து அடுத்த இணைகோட்டுக்கு வளைந்து செல்லும் அந்தக் கோடுகள் எழுந்து தெரியும். டர்ரிடெல்லாவில் அவை சுற்றின் நடுவே பின்னோக்கி உள்வாங்கி வளைந்திருக்கும்; அந்த வளைவின் ஆழமும் சாய்வும் பேரினங்களைப் பிரிக்கும் முக்கியச் சான்று.

அடுத்தது சுருள்வரிகள். கடைசிச் சுற்றில் எத்தனை வரிகள் என்று எண்ணுவது பயன் தராது, வயதாக ஆகப் புதிய வரிகள் இடையில் புகுந்துவிடுகின்றன. நுனிக்கருகே, மிக இளைய சுற்றுகளில், எந்த வரி முதலில் தோன்றுகிறது, எது அடுத்து என்பதே முக்கியம். நியூசிலாந்தின் ஜே. மார்விக் 1957இல் இந்தக் குடும்பத்தின் பேரினங்களை மறுவகைப்படுத்தியபோது, இந்த வரிகளுக்கு எழுத்துக் குறியீடு கொடுத்து, அவை தோன்றும் வரிசையைப் பதிவு செய்யும் முறையைக் கையாண்டார். இன்றும் அது வழக்கில் இருக்கிறது. நுனி இல்லாத டர்ரிடெல்லாவுக்குச் சிற்றினப் பெயர் வைப்பது ஏன் துணிச்சலான காரியம் என்பது இதிலிருந்து விளங்கும்.

ஓடு அரியலூர்ப் பக்கத்தது என்றால் இன்னொரு சோதனையும் வேண்டும். நெரினியா வகை நத்தைகள் வெளித்தோற்றத்தில் இவற்றைப் போலவே நெட்டையானவை. ஆனால் அவற்றின் உட்சுவரிலும் நடுத்தூணிலும் மடிப்புகள் உள்நோக்கி நீண்டிருக்கும். அவை கிரிட்டேசியஸ் முடிவில் முற்றாக அழிந்தவை. உடைந்த ஓடு ஒன்றை நுனியிலிருந்து அடி வரை நடுவே தேய்த்து வெட்டுமுகம் பார்த்தால் ஐயம் தீர்ந்துவிடும். முழுமையான ஒரே ஓடு மட்டும் இருந்தால் அதை வெட்டாதீர்கள். மருத்துவமனை ஊடுகதிர்ப் படத்தின் கொள்கையில் இயங்கும் சிடி வருடல் அதே காட்சியைத் தரும், ஆய்வகத்தில் கேட்டுப் பார்க்கலாம்.

இங்கே காலத்தை ஒரு சரிபார்ப்பாகப் பயன்படுத்துங்கள். உருவத்தை மட்டும் பார்த்துக் கிரிட்டேசியஸ் ஓடு ஒன்றைக் கூம்பு நத்தை என்று முடிவு செய்திருந்தால், அங்கேயே நிறுத்தித் திரும்பிப் போக வேண்டும். கூம்பு நத்தைகளின் புதைபடிவப் பதிவு ஏறத்தாழ 5.5 கோடி ஆண்டுகளுக்கு முன், ஈயோசீன் தொடக்கத்தில்தான் ஆரம்பிக்கிறது.

ஆறாம் படி: நுனியில் இருக்கும் குஞ்சுப்பருவ ஓடு

முட்டையிலிருந்து வந்த காலத்தில் நத்தை கட்டிய முதல் சுற்றுகள் ஓட்டின் உச்சியிலேயே இருக்கின்றன. வழுவழுப்பாகவோ மிக நுண்ணிய வலைப்பின்னலோடோ இருக்கும் அந்தப் பகுதி, திடீரென்று ஒரு கோட்டில் முடிந்து, வளர்ந்த ஓட்டின் அலங்காரம் தொடங்கும். அது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக இருப்பதால் நுண்ணோக்கி வேண்டும். நுனியை நேர் மேலிருந்து பார்த்து, தொடக்கக் கருவின் குறுக்கே ஒரு நேர்கோடு கற்பனை செய்து, அந்தக் கோட்டைச் சுருள் எத்தனை முறை கடக்கிறது என்று கால் சுற்று வரை எண்ணுங்கள்.

சிறிய சுற்றுகள் பல இருந்தால் அந்த நத்தையின் குஞ்சு கடலில் மிதந்து உண்டு வளர்ந்தது; பெரிய கருவும் ஓரிரு சுற்றுகளும் மட்டும் இருந்தால் அது முட்டை மஞ்சளை நம்பி வளர்ந்தது. வளர்ந்த ஓடுகள் அச்சில் வார்த்ததுபோல் ஒத்திருந்தாலும், குஞ்சுப்பருவ ஓடுகள் இப்படி வேறுபட்டால் அவை பெரும்பாலும் வெவ்வேறு சிற்றினங்களே. ஆர்க்கிடெக்டோனிசிடே, பிரமிடெல்லிடே போன்ற குடும்பங்களில் குஞ்சுப்பருவ ஓடு வளர்ந்த ஓட்டுக்கு எதிர்த்திசையில் சுருண்டிருக்கும். உச்சியில் அந்தத் திருப்பத்தைக் கண்டால் ஹெட்டெரோபிராங்கியா என்ற துணைவகுப்புக்கே வந்துவிட்டீர்கள்.

ஏழாம் படி: வேறுபாடு எவ்வளவு இயல்பானது

ஒரே ஓட்டையும் ஒரே படத்தையும் ஒப்பிட்டுச் சிற்றினம் முடிவு செய்யக்கூடாது. ஒரு சிற்றினத்துக்குள் எவ்வளவு வேறுபாடு இயல்பு என்பதை இன்றைய நத்தைகளிடம் கற்றுக்கொள்ளலாம். தாழ்ந்த அலையின்போது சாங்கியிலோ பாசிர் ரிஸ்ஸிலோ கிடக்கும் வெற்று ஓடுகளில் ஒரே வகையைச் சேர்ந்த முப்பதையாவது அங்கேயே அளந்து, படமெடுத்து, அங்கேயே விட்டுவிடுங்கள். உயரம்-அகல விகிதத்தை ஒரு வரைபடத்தில் புள்ளிகளாக இட்டால், ஒரு திரளாக விழும் அந்தப் புள்ளிகளின் பரப்பே வேறுபாட்டின் அளவு. உங்கள் புதைபடிவத்தின் புள்ளி அந்தத் திரளுக்குள் விழுந்தால், அதைத் தனிச் சிற்றினம் என்று சொல்ல வேறு வலுவான காரணம் வேண்டும்.

வயதும் ஏமாற்றும். கடல் உணவுக் கடைகளில் "கொங்கொங்" என்று விற்கும் நத்தையை அறியாத சிங்கப்பூரர் குறைவு. வளர்ந்த கொங்கொங்கின் வெளி உதடு தடித்து இறக்கைபோல் விரிந்திருக்கும். அந்த உதடு உருவாகாத இளம் ஓடோ மெலிந்த கூம்பாக, கோனிடே என்று சொல்லத் தூண்டும் தோற்றத்தில் இருக்கும். அடுத்த முறை தட்டில் வரும்போது ஓடுகளைக் கழுவி எடுத்துவந்து, வளர்ந்ததையும் இளையதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். புதைபடிவம் படிப்பதற்கு இதைவிட மலிவான பாடநூல் இல்லை.

நிறம் போய்விட்டது என்று கைவிடுவதற்கு முன் ஒன்று. வீட்டில் பயன்படும் குளோரின் வெளுப்பானில், கையுறையோடும் சன்னலைத் திறந்துவைத்தும், ஓட்டைச் சிலமணி நேரம் முதல் ஒருநாள் வரை ஊறவைத்துக் கழுவி, இருட்டில் புற ஊதா விளக்கின் கீழ் பார்த்தால், ஒரு காலத்தில் நிறமி இருந்த இடங்கள் பல ஓடுகளில் ஒளிரும். இது படச்சுருளின் எதிர்ப்படிமம் போன்றது. ஒளிரும் இடமே முன்பு கருமையாக இருந்த இடம். டொமினிக்கன் குடியரசின் கூம்பு நத்தைப் படிவங்களை இம்முறையில் ஆராய்ந்து 2015இல் வெளியான ஆய்வு, 28 சிற்றினங்களின் நிறக்கோலங்களை வெளிக்கொணர்ந்து, அவற்றில் 13 புதியவை என்று விவரித்தது. எளிதில் பொடியும் ஓட்டுக்கும், ஒரே ஒரு ஓடு மட்டும் உள்ளபோதும் இதைச் செய்யாதீர்கள்.

எட்டாம் படி: பெயர், மாதிரி ஓடு, ஒப்பீடு

ஒரு சிற்றினப் பெயர் ஒரு படத்தோடு கட்டப்பட்டதன்று. ஏதோவொரு அரும்பொருளகத்தில் இருக்கும் ஒரு குறிப்பிட்ட மாதிரி ஓட்டோடு கட்டப்பட்டது. கார்ல் மார்ட்டினின் சாவக மாதிரிகள் லெய்டனிலும், ஸ்டோலிக்ஸ்காவின் மாதிரிகள் கொல்கத்தாவில் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையிலும் உள்ளன. பழைய விவரணைகளின் ஓவியங்கள் அழகானவை, ஆனால் ஓவியர்கள் உடைந்த உதட்டை நிறைவு செய்து வரைவது வழக்கம். முடிந்தவரை மாதிரி ஓட்டின் புகைப்படத்தைத் தேடுங்கள்.

பெயர்களின் இன்றைய நிலையை மொலஸ்காபேஸ் என்ற இணையத் தரவுத்தளத்தில் சரிபார்க்கலாம். அதில் வாழும் இனங்களோடு புதைபடிவ இனங்களும் சேர்க்கப்படுகின்றன. லின்னேயஸ் ஸ்ட்ரோம்பஸ் கனேரியம் என்று பெயரிட்ட நத்தை இன்று லேவிஸ்ட்ரோம்பஸ் கனேரியம் (லின்னேயஸ், 1758) என்று எழுதப்படுகிறது. ஆசிரியர் பெயர் அடைப்புக்குறிக்குள் இருப்பது, சிற்றினம் பின்னர் வேறு பேரினத்துக்கு மாற்றப்பட்டதைக் காட்டுகிறது. அடைப்புக்குறியைத் தேவையில்லாமல் போடுவதும் விடுவதும் பிழையே. விலங்கியல் பெயரீட்டில், லின்னேயஸின் நூல் வெளியான 1758க்கு முந்தைய நத்தைப் பெயர் எதற்கும் முன்னுரிமை கிடையாது.

நேரில் ஒப்பிட, கெண்ட் ரிட்ஜில் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக வளாகத்தில் 2015இல் திறக்கப்பட்ட லீ கோங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்தின் காட்சிக்கூடம் நல்ல தொடக்கம். பெரும்பாலோர் அங்குள்ள மூன்று டைனோசர் எலும்புக்கூடுகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள், மெல்லுடலிகளின் பகுதியில் நின்று வாய்களை மட்டும் பாருங்கள். ஆய்வுத் தொகுப்பைப் பார்க்க வேண்டுமென்றால், நான்கு நிலைப் படங்கள், அளவுகள், இட விவரம், நீங்கள் எந்தக் குடும்பம் வரை வந்தீர்கள் என்ற குறிப்பு ஆகியவற்றோடு எழுதுங்கள். "இது என்ன?" என்று ஒரு மங்கிய படத்தை மட்டும் அனுப்பும் கடிதத்துக்குப் பதில் வர நாளாகும்.

ஒன்பதாம் படி: ஐயத்தைப் பெயரிலேயே எழுதுதல்

எல்லாப் பண்புகளும் பொருந்தினால் முழுப் பெயரை எழுதலாம். ஓடு பழுதுபட்டிருப்பதால் மட்டுமே உறுதி கிடைக்கவில்லை, மற்றபடி பொருந்துகிறது என்றால் பேரினத்துக்கும் சிற்றினத்துக்கும் இடையே "சிஎஃப்." (cf.) என்ற குறியை இடுங்கள். அந்தச் சிற்றினத்துக்கு நெருங்கியதுதான், ஆனால் அதுவன்று என்று கருதினால் "ஏஎஃப்எஃப்." (aff.). பேரினம் மட்டும் உறுதி என்றால் பேரினத்தோடு "எஸ்பி." (sp.). இந்த மூன்றும் வெவ்வேறு பொருள் உடையவை. ஒன்றுக்கொன்று மாற்றி எழுதுவது பின்னால் படிப்பவரை வேறு திசைக்கு அனுப்பிவிடும். புதிய சிற்றினம் என்று அறிவிக்கும் எண்ணம் வந்தால், ஒரே ஓட்டை வைத்து அதைச் செய்யாமல், ஒரே அடுக்கிலிருந்து பல ஓடுகள் சேரும் வரை பொறுத்து, மெல்லுடலிகளில் பயிற்சி பெற்ற ஒருவரோடு சேர்ந்து எழுதுங்கள்.

பெட்டிக்குள் வைக்கும் சீட்டு நீர்புகாத மையில், அமிலமற்ற தாளில், இப்படி இருக்கலாம்: "டர்ரிடெல்லா சிஎஃப். டெரெப்ரா (லின்னேயஸ், 1758). மேல் கடற்களிமண், ஆழம் தெரியாது, இடம்பெயர்ந்த மண். மிஞ்சிய உயரம் 61.4 மி.மீ., அகலம் 17.2 மி.மீ.; நுனி இல்லை, உதடு உடைந்தது. இனங்கண்டது: வாயடி, வளர்ச்சிக்கோடு, சுருள்வரி." அதன் கீழ் இனங்கண்டவர் பெயரும் தேதியும். பின்னர் வேறொருவர் வேறு முடிவுக்கு வந்தால் அவருடைய சீட்டும் அதே பெட்டிக்குள் போக வேண்டும். பழைய சீட்டை எடுத்துவிடாமல், புதியதை அதன் மேல் வைத்து, ஓட்டின் மீது இந்திய மையால் எழுதிய எண்ணை மாற்றாமல் வையுங்கள்.